ஒரே திரை, ஆறு காட்சி, ஆறு உலகம்! தெரியுமா?

மல்டிபிளெக்ஸில் எட்டுத் திரை இருக்கும். பெரிய ஹீரோ படம் வந்துவிட்டால் எட்டிலும் அதுவே ஓடும். இதற்கு நேர்மாறான தியேட்டர்கள் உலகத்தில் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் திரை ஒன்றோ இரண்டோதான். ஆனால் காலையில் காதல் படம், மேட்னிக்குக் குழந்தைகள் படம், சாயங்காலம் ஊமைப்படம், செகண்ட் ஷோவுக்கு ஊரே திட்டித் தீர்த்த படம், நடுராத்திரியில் இன்னதென்று சொல்லவே முடியாத ஒரு படம்!

பெரும்பாலும் பெரிய கம்பெனி எதற்கும் சொந்தமில்லாமல், தாங்களே படம் தேடி, தாங்களே ஓட்டும் சுயேச்சைத் தியேட்டர்கள் இவை. லண்டன், பாரிஸ், நியூயார்க், மும்பை, மெல்போர்ன் என்று ஊருக்கொரு காட்சி எடுத்துக் கோத்து, காலையிலிருந்து மறுநாள் விடியும்வரை ஒரு நாளைக் கட்டிப் பார்ப்போமா? மணி அடித்துவிட்டது. உள்ளே வாருங்கள்!

மார்னிங் ஷோ

30 வருடமாக ஒரே படத்தைப் போடும் தியேட்டர் தெரியுமா?

மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மராத்தா மந்திர். ஷாருக் கானும் கஜோலும் நடித்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' 1995 அக்டோபரில் வெளியானது. 2014 டிசம்பரில் அந்தத் தியேட்டரில் ஆயிரமாவது வாரத்தைத் தொட்டது. ஆயிரம் நாள் இல்லை, ஆயிரம் வாரம்! கொரோனா நாட்களில் தியேட்டர் மூடிக் கிடந்தபோது ஓய்வெடுத்தது. திறந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், காலை 11.30 மணிக் காட்சிதான் படத்தின் நாயகன் ராஜுக்கும் நாயகி சிம்ரனுக்கும். மற்றக் காட்சிகளில் புதுப்படங்கள் வரும், போகும். மறுநாள் காலை 11.30 ஆனால் அதே ரயில், அதே ஓட்டம்!

அழுதால் யாரும் முறைக்காத காட்சி ஒன்று உண்டு, தெரியுமா?

கைக்குழந்தையோடு தியேட்டருக்குப் போன அம்மாக்களுக்குத்தான் அந்த வேதனை புரியும். பிள்ளை ஒரு சிணுங்கல் சிணுங்கினால் போதும், முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பிரிட்டனின் பல தியேட்டர்கள் இதற்கென்றே காலைக் காட்சி ஒதுக்குகின்றன. விளக்கை முழுவதும் அணைக்க மாட்டார்கள். சத்தத்தைக் குறைத்துவைப்பார்கள். கைக்குழந்தை இருப்பவருக்குத்தான் டிக்கெட்! ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இப்படித் தனிக்காட்சிகள் உண்டு. அங்கே படம் ஓடும்போதே எழுந்து நடக்கலாம், பேசலாம், கை தட்டலாம். "உட்காருப்பா, மறைக்குது" என்று ஒரு குரல் வராது.

மேட்னி

மேட்னி என்றால் காலை என்று அர்த்தம், தெரியுமா?

'மத்தே' என்பது காலைக்கான பிரெஞ்சுச் சொல். அதிலிருந்து பிறந்ததுதான் மேட்னி. ராத்திரி நாடகத்துக்கு முன்னால் பகலில் நடப்பது எல்லாம் அந்தக் காலத்தில் 'காலை'க் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனால்தான் மத்தியானம் இரண்டரை மணிக்கு வியர்த்து விறுவிறுத்து வரிசையில் நிற்கும் நாமும் 'காலைக் காட்சி'க்கு நிற்கிறோம்!

காஸ் விளக்கு எரியும் தியேட்டர் இன்னும் இருக்கிறது, தெரியுமா?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் என்று ஒரு தியேட்டர். முதல் உலகப்போர் தொடங்கிய 1914-லேயே திறந்தது. படம் ஓடும்போதும் அதன் சுவரில் காஸ் விளக்குகள் சன்னமாக எரிந்துகொண்டே இருக்கும். ஏன் தெரியுமா? கும்மிருட்டில் ஜோடிகள் அத்துமீறிவிடக் கூடாதாம்! மானத்தைக் காக்க வைத்த விளக்கு, நூறு வருடம் கழித்து அந்தத் தியேட்டரின் மானத்தையே காப்பாற்றுகிறது. காஸ் விளக்கோடு இன்றும் இயங்கும் ஒரே தியேட்டர் என்ற பெருமை அதற்குத்தான். பழுதுபார்த்து 2023-ல் மறுபடி திறந்தபோது, அடித்தளத்தில் இன்னொரு குட்டித் திரையும் முளைத்திருந்தது.

கொடுத்த காசில் பாதி இருட்டுக்குப் போகிறது, தெரியுமா?

ஃபிலிம் புரொஜெக்டரில் வினாடிக்கு 24 படம் நகர்கிறது. ஒரு படம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும் நேரத்தில், ஒரு தகடு சுழன்று வந்து ஒளியை மறைத்துவிடும். மறைக்காவிட்டால் திரையில் எல்லாமே கோடு கோடாய் இழுபடும். ஒளி துடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் இன்னொரு முறையும் மறைக்கும். ஆக, இரண்டு மணி நேரப் படத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நாம் பார்த்தது வெறும் இருட்டு! நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அந்த இருட்டை விழுங்கிவிட்டு, கதாநாயகன் ஓடுகிறான் என்று நம்மிடம் சொல்கின்றன.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். அதே இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 தனித்தனிப் படங்கள். 35 எம்எம் ஃபிலிமை அப்படியே தரையில் விரித்தால் மூன்றேகால் கிலோமீட்டர் போகும். இத்தனையும் புரொஜெக்டர் கேபினில் ஒருவர் கைக்குள் அடக்கம்!

இடைவேளை

பாப்கார்னுக்கு ஒரு காலத்தில் தியேட்டருக்குள் அனுமதியே இல்லை, தெரியுமா?

அமெரிக்காவின் பெரிய தியேட்டர்கள் முதலில் அரண்மனை மாதிரி கட்டப்பட்டவை. சிவப்புக் கம்பளத்தில் பொரி சிந்துவதா என்று முதலாளிகள் முகம் சுளித்தார்கள். 1930-களின் பொருளாதார வீழ்ச்சி வந்தது. சில சென்ட் காசுக்குக் கிடைத்த பாப்கார்னைத் தெருவில் வாங்கி, கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ஜனங்கள் உள்ளே வந்தார்கள். கம்பளமாவது ஒன்றாவது என்று தியேட்டர்காரர்களே பொரிக்க ஆரம்பித்தார்கள். டிக்கெட்டைவிடப் பாப்கார்னில் லாபம் என்ற இன்றைய கதை அங்கே தொடங்கியது.

பூனையைப் பார்க்கவே படத்துக்குப் போனார்கள், தெரியுமா?

மெல்போர்னில் 1936-ல் திறந்த ஆஸ்டர் தியேட்டர், ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவதில் பேர்போனது. அங்கே மார்சிபான் என்று ஒரு பூனை. படம் ஓடும்போது இருட்டில் மெதுவாக நடந்து வந்து, பிடித்த மடியாகப் பார்த்து ஏறிப் படுத்துக்கொள்ளும். பேய்ப்படத்தின் நடுவே காலில் ஏதோ உரசினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்! 2013-ல் அது செத்தபோது பத்திரிகைகளே செய்தி போட்டன.

திரையில் லட்சக்கணக்கில் ஓட்டைகள் இருக்கின்றன, தெரியுமா?

அடுத்த முறை முன்வரிசைக்குப் போய்த் திரையை உற்றுப் பாருங்கள். ஊசி குத்தினது போல முழுக்கத் துளைகள். ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருப்பதால் சத்தம் வெளியே வர வழி வேண்டுமே! கதாநாயகி வாயிலிருந்தே பாட்டு வருவதாக நமக்குத் தோன்றுவதற்கு இந்த ஓட்டைகளும் ஒரு காரணம்.

ஃபர்ஸ்ட் ஷோ

ஊமைப்படம் ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை, தெரியுமா?

திரையில் பேச்சுதான் இல்லை. தியேட்டரில் பியானோ இருந்தது, வயலின் இருந்தது, பெரிய ஊர்களில் முழு இசைக்குழுவே இருந்தது. ஜப்பானில் இன்னும் ஒருபடி மேல். 'பென்ஷி' என்ற கதைசொல்லி திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, நடுநடுவே விளக்கமும் சொல்லுவார். நடிகரைவிடப் பென்ஷிக்காகவே கூட்டம் வந்த காலம் அது. இயக்குநர் அகிரா குரோசாவாவின் அண்ணன்கூட ஒரு பென்ஷிதான். பேசும் படம் வந்தது, பென்ஷிகளின் வேலை போனது. மதராஸ் ராஜதானியிலும் ஊமைப்பட நாட்களில், எழுத்து அட்டைகளை வாசித்துக் கதை சொல்ல ஓர் ஆள் நின்றிருக்கிறார்.

இன்றைக்கும் சுயேச்சைத் தியேட்டர்களில் சாப்ளினும் கீட்டனும் ஓடும்போது, திரையடியில் ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறார். வாசிப்பவரின் மனநிலை மாறினால் இசையும் மாறுமே! அதனால் அதே படம், அதே பிரிண்ட், நேற்று ஒன்று, இன்று வேறொன்று.

ஐம்பது மடக்கு நாற்காலியில் தொடங்கியது ஒரு சாம்ராஜ்யம், தெரியுமா?

நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரம் 1970-ல் தொடங்கியபோது இருந்த சொத்து: ஒரு புரொஜெக்டர், 50 மடக்கு நாற்காலி, வருடத்துக்கு 19,000 டாலர் பட்ஜெட். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்குப் போடும் நாற்காலி அளவுதான்! 1972-ல் பொறுப்பேற்ற கேரன் கூப்பர் ஐம்பது வருடத்துக்கு மேல் அதை நடத்தினார். இன்று அங்கே நான்கு திரைகள். லாபம் நோக்காத அமைப்பாகவே இன்னும் நடக்கிறது.

தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாத படம் உண்டு, தெரியுமா?

பழைய படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் அச்சானவை. தீப்பிடித்தால் அவ்வளவுதான். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும்! இந்தப் பயத்தால்தான் கேபின்களை இரும்புக் கதவு போட்டுக் கோட்டை மாதிரி கட்டினார்கள். 1950-களின் தொடக்கத்தில் நைட்ரேட் தயாரிப்பு நின்றது. ஆனால் அதன் வெள்ளி மினுக்குக்கு ஈடில்லை என்று உருகும் ரசிகர்கள் இன்றும் உண்டு. அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரத்தில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2015-ல் நைட்ரேட் படங்களுக்கென்றே ஒரு விழா தொடங்கியது. கடைசிப் படம் எதுவென்று சொல்லவே மாட்டார்கள். ஒரே ஒரு ஸ்டில்லைக் காட்டுவார்கள், கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

செகண்ட் ஷோ

இளவரசர் மன்னராகிவிட்டார், தியேட்டர் இன்னும் இளவரசர்தான், தெரியுமா?

லண்டன் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் 1962-ல் ஒரு நாடக அரங்கு திறந்தார்கள். அப்போது பதின்ம வயதுப் பையனாக இருந்த இளவரசர் சார்லஸின் பெயரை வைத்தார்கள். பிறகு அது சினிமாத் தியேட்டராக மாறியது. 1970-களில் அரச குடும்பத்துப் பெயரைச் சுமந்துகொண்டு 'வயது வந்தோர்' படங்களை ஓட்டிக் காலம் தள்ளியது! 1991-லிருந்து பழைய படம், விசித்திரப் படம், மறந்துபோன படம் எல்லாவற்றுக்கும் புகலிடமாகிவிட்டது. இரண்டே திரை. காட்சிக்குக் காட்சி படம் மாறும். 35 எம்எம், 70 எம்எம் இரண்டும் இன்றும் ஓடும். சார்லஸ் 2022-ல் மன்னராகிவிட்டார். போர்டில் மட்டும் இன்னும் பிரின்ஸ்!

மோசமான படத்துக்கு ஸ்பூன் எடுத்துப் போகிறார்கள், தெரியுமா?

'தி ரூம்', 2003-ல் வந்த அமெரிக்கப் படம். எழுதியவர், இயக்கியவர், தயாரித்தவர், கதாநாயகன் எல்லாமே டாமி வைசோ. வந்த வேகத்தில் படுத்தது. அப்புறம்தான் அதிசயம்! இவ்வளவு மோசமாகவா ஒரு படம் எடுக்க முடியும் என்று பார்க்கப் போனவர்கள், நண்பர்களையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். படத்தில் ஒரு வீட்டு மேஜையில் ஃபிரேம் போட்ட ஸ்பூன் படம் இருக்கிறது. ஏன் இருக்கிறது? யாருக்கும் புரியவில்லை. அது தெரியும்போதெல்லாம் கூட்டம் "ஸ்பூன்!" என்று கத்திக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசும். பிரின்ஸ் சார்லஸில் வருடக்கணக்காக நடக்கும் திருவிழா இது. மறுநாள் அதே திரையில் இயக்குநர் பெர்க்மனின் படம் ஓடலாம். அப்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. கூட்டிப் பெருக்குகிறவருக்குத்தான் வித்தியாசம் முழுசாகத் தெரியும்!

இதே தியேட்டரில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துக்குக் கன்னியாஸ்திரீ வேஷத்தில் வருகிறார்கள். பாட்டு வரிகள் திரையில் ஓட, அரங்கமே சேர்ந்து பாடும். வில்லன் வந்தால் 'ஊ' என்று ஊளையிடலாம், தடையில்லை.

நேரத்துக்கு முன்னால் திறக்காத சாவி தெரியுமா?

"படப் பெட்டி வந்தாச்சா?" என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு ரீல் சுமார் 20 நிமிடம். இரண்டு புரொஜெக்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மின்னும். ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம்தான்! முதல் புள்ளிக்கு மோட்டாரை ஓடவிடுவார் ஆபரேட்டர். ஏழு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி, படக்கென்று அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றிவிடுவார். நம்ம ஊர் டூரிங் டாக்கீஸில் இருந்தது ஒரே புரொஜெக்டர் என்பதால்தான், ரீலுக்கு ஒரு இடைவேளை, முறுக்கு வியாபாரம் அமோகம்.

இப்போது பெட்டி இல்லை, ஹார்ட் டிஸ்க். அதுவும் பூட்டியே வரும். எந்தத் தியேட்டரில், எந்த இயந்திரத்தில், எந்த நாளில் எந்த மணியிலிருந்து என்று குறித்த டிஜிட்டல் சாவி தனியாக வரும். அந்த நேரத்துக்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் படம் ஓடாது! இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தார். லாஸ் ஏஞ்சலஸின் நியூ பெவர்லி தியேட்டரை 2007-ல் வாங்கிக் காப்பாற்றிய இயக்குநர் குவென்டின் டரன்டினோ, 2014-லிருந்து அங்கே ஃபிலிமில் மட்டும்தான் படம் காட்டுகிறார். பல பிரிண்ட்கள் அவருடைய சொந்தச் சேகரிப்பு.

நள்ளிரவுக் காட்சி

பெரிய விளம்பரம் இல்லாமலே மாதக்கணக்கில் ஓடிய படம் தெரியுமா?

1970 டிசம்பர், நியூயார்க்கின் எல்ஜின் தியேட்டர். அலெஹான்ட்ரோ ஹொடரோவ்ஸ்கியின் 'எல் டோப்போ' படத்தை நடுராத்திரிக்கு மட்டும் போட்டார் தியேட்டர் நடத்திய பென் பாரன்ஹோல்ட்ஸ். பெரிய விளம்பரம் கிடையாது. வாய்வழியாகவே பரவி, இரவுக்கிரவு கூட்டம் நிரம்பி வழிந்தது. பார்க்க வந்தவர்களில் பீட்டில்ஸ் ஜான் லெனனும் ஒருவர். அவர் சொல்லி, அவருடைய மேனேஜரே படத்தின் உரிமையை வாங்கினார். உலகமெங்கும் 'மிட்நைட் மூவி' என்ற பழக்கம் அங்கே பிறந்தது. இன்று அந்தக் கட்டடம் நடன அரங்கம்!

அரை நூற்றாண்டாகத் தியேட்டரை விட்டுப் போகாத படம் தெரியுமா?

'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975-ல் வந்து தோற்றது. 1976-ல் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். அவ்வளவுதான், பார்வையாளர்கள் நடிகர்களாகிவிட்டார்கள். திரையில் கல்யாணம் என்றால் அரிசி தூவுவார்கள். மழை என்றால் தலையில் செய்தித்தாள் பிடிப்பார்கள். வசனத்துக்குப் பதில் வசனம் கத்துவார்கள். ஜெர்மனியின் மியூனிக்கில் மியூசியம் லிஷ்ட்ஷ்பீல தியேட்டர் 1977-லிருந்து இதை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பாரிஸின் ஸ்டூடியோ கலாந்தில் வார இறுதி இரவுகள் இதற்கென்றே. நம் ஊரில் முதல் நாள் முதல் காட்சியில் பறக்கும் காகிதத் துண்டுகள், அங்கே வாராவாரம் பறக்கின்றன!

விடியற்காலை

மூன்று படம் பார்த்தால் காலைப் பலகாரம் இலவசம், தெரியுமா?

பாரிஸின் லத்தீன் வட்டாரத்தில் 1938-லிருந்து இருக்கிறது லெ ஷாம்போ. இட நெருக்கடியால் அங்கே ஒளிக்கற்றை நேராகத் திரைக்குப் போகாது. நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப் போல, கண்ணாடியில் பட்டுத் திரும்பித்தான் போகும்! இயக்குநர் த்ரூஃபோ தன் வாலிபத்தில் பழியாகக் கிடந்த இடம் அது. அங்கே சில சனிக்கிழமைகளில் நள்ளிரவில் தொடங்கி மூன்று படம் தொடர்ந்து போடுவார்கள். விடிந்ததும் காலைச் சாப்பாடு, அதே டிக்கெட்டில். சிவராத்திரிக்குக் கண்விழித்தவர்கள் கணக்காய், சிவந்த கண்ணோடு காபிக்கு வரிசை நிற்கும் காட்சி அது!

மூன்று படத்துக்கே மலைக்கிறீர்களா? ஹங்கேரி இயக்குநர் பெலா தாரின் 'சாத்தான்டாங்கோ' ஒரே படம், ஏழு மணி நேரத்துக்கும் மேல்! சுயேச்சைத் தியேட்டர்கள் இரண்டு இடைவேளை விட்டு, அதையும் போடுகின்றன.

கடைசி ரீல்

இப்படி ஒரு நாளை நடத்துவது சுலபமா? ஒரு படம் போட்ட வழக்கும் சேர்ந்து ஒரு தியேட்டரை மூடவைத்தது, தெரியுமா? பாதாள ரயில் போகும்போதெல்லாம் இருக்கை அதிரும் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்காலா, 1992-ல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்தை ரகசியமாகக் காட்டியது. ஸ்டான்லி குப்ரிக் பிரிட்டனில் திரையிட வேண்டாமென்று திரும்பப் பெற்றிருந்த படம். வழக்கு வந்தது, தோற்றது, 1993-ல் கதவு சாத்தியது.

பாரிஸின் லா க்ளெஃப் மூடியபோது ரசிகர்கள் 2019-ல் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு, தினமும் படம் போட்டார்கள். கட்டணம், உங்கள் இஷ்டம்! 2022-ல் போலீஸ் வெளியேற்றியது. அவர்கள் விடவில்லை. காசு சேர்த்து 2024-ல் கட்டடத்தையே வாங்கிவிட்டார்கள். 2025-ல் பிரின்ஸ் சார்லஸுக்குக் குத்தகைச் சிக்கல் வந்ததும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். 1905-ல் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினாரே, அவரும் இந்த ஜாதிதான். கோவையில் அவர் கட்டிய வெரைட்டி ஹால் இன்று ஒரு சாலையின் பெயரில் மட்டும் மிச்சம்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னும் ஒரு ஒற்றைத் தியேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு ஃபிலிம் சொசைட்டி சனிக்கிழமை சாயங்காலம் பத்து நாற்காலி போட்டுப் படம் காட்டிக்கொண்டிருக்கும். படத்தின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வாரம் பதினொன்றாவது நாற்காலி போடவைப்பது உங்கள் பொறுப்பு!